ஜொகூருக்கு எதற்குக் கம்பளிக் கோட்டு?

அத்தியாயம் பதினேழு

ரூபிணிக்கு மஞ்சள் நிறத்தில்தான் நீச்சலுடை வேண்டுமாம். தண்ணீருக்குள் எங்கே இருந்தாலும் அத்தைக்குத் தெரிய வேண்டுமே என்று காரணமும் சொன்னாள்.

"அத்தை வரலையே ரூபி. அப்பாவும் நீயும்தானே போறீங்க," என்றாள் அத்தை லீலா.

"அப்ப அப்பாவுக்குத் தெரியட்டும்."

கிள்ளான், தாமான் ஸ்ரீ அண்டலாஸில் இருக்கும் அந்த வரிசை வீட்டில் ஒரு குழந்தை இப்படி ஓயாமல் பேசிக்கொண்டே பசியாறி வெகு காலமாகிவிட்டது. ரொட்டியை மைலோவில் முக்குவதும் பேசுவதுமாக இருந்தாள் ரூபிணி. திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஜொகூர் தீம் பார்க்கில் முதல் நாள் ராட்டினங்கள். இரண்டாவது நாள் தண்ணீர்ச் சறுக்கு. மூன்றாவது நாள் என்ன என்று அப்பா சொல்லவில்லை. அது சர்ப்ரைஸ்.

புஷ்பலீலா கேட்டுக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள். கணவர் சுகுமாறன் மாரடைப்பில் போன பிறகு பூச்சோங் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தவள் அவள். பிள்ளை இல்லை. பல் மருத்துவமனை கவுண்டரில் வேலை, வீடு, தொலைக்காட்சி என்று இருந்தவளைத் தம்பி விமலன்தான் வந்து கூப்பிட்டான். "அக்கா, ரூபியைப் பார்த்துக்க ஆள் இல்லை," என்றான். அன்றைக்கே துணிமணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விமலனின் மனைவி அனுப்பிரியா இந்த வீட்டைவிட்டுப் போன கதையை இந்தத் தெருவே அறியும். ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன இரண்டாவது குழந்தைக்குப் பிறகு அனு படுக்கையைவிட்டு எழவில்லை. குளிக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள். கேட்டால் எழுந்திருக்க முடியவில்லை என்பாள். ஒரு நாள் பள்ளி விட்டு ரூபிணி மழையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள். அழைத்துவர வேண்டிய அனு கட்டிலில் கிடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக் காவலாளிதான் விமலனுக்குப் போன் செய்தார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாள்.

அந்த வாரமே விமலன் மனைவியைச் செராஸில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். குணமானதும் கூட்டிக்கொள்கிறேன் என்றான். அவள் வைத்தியம் பார்த்துக் குணமாகி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அவன்தான் கூட்டிக்கொள்ளவில்லை. மகளிடம் போனில் பேசவும் விடவில்லை.

போன வாரம் லீலாவின் போனில் அனுவின் பெயர் மின்னியது. லீலா அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு முன்பும் அப்படித்தான்.

*

அன்று சனிக்கிழமை. போர்ட் கிள்ளானில் விமலனுக்கு அரை நாள் வேலை. கிளம்பும்போது, ரூபிக்கு வேண்டியதை எல்லாம் வாங்கிவிடு அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பேரங்காடியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். பாதி ஊர் எங்கோ புறப்படுவது போல இருந்தது. மஞ்சளில் முழுக்கை நீச்சலுடை கிடைத்தது. சறுக்கில் இறங்கும்போது சாதாரணச் சிலிப்பர் தண்ணீரோடு போய்விடும் என்று கடைக்காரப் பெண் சொன்னதால், பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினார்கள். ஜூன் மாதம் என்றாலும் மாலையில் மழை பிடித்துக்கொள்கிறது. அதனால் மடித்துப் பையில் வைக்கும்படி ஒரு மழைக்கோட்டு. கழுத்தையும் மறைக்கும் தொப்பி, சீக்கிரம் காயும் துண்டு, போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட ஒரு பிளாஸ்டிக் உறை. வரிசையில் நிற்கும்போது பசிக்குமே என்று பிஸ்கட்டும் உலர்திராட்சையும்.

ஒவ்வொன்றையும் ரூபிணி தன் கையாலேயே கூடையில் போட்டாள். அவள் இப்படிச் சிரிப்பதைப் பார்க்க லீலாவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தான் கூடப் போகவில்லை என்பது அதன் நடுவே முள்ளாகக் குத்தியது. விமலன் இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தான். அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

மருந்துக்கடையில்தான் சிக்கல் வந்தது. வெயிலுக்குப் பூசும் கிரீம் ஒன்றை லீலா எடுத்ததும் ரூபிணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது பூசுனா எனக்கு மூஞ்சி வீங்கிடும் அத்தை. போர்ட் டிக்சன் பீச்சுல வீங்கிருச்சு."

எந்தக் கிரீம் என்று லீலாவுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைப் பெண் மலாயில் பொறுமையாகக் கேட்டாள். எந்த மருந்துப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை? வீக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது? மூச்சுத் திணறியதா? லீலா எதற்கும் பதில் சொல்ல முடியாமல் நின்றாள். நீண்ட பயணத்தில் குழந்தை வாந்தி எடுப்பாளா, என்ன மாத்திரை கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கும் அதே கதைதான்.

"என்ன மாத்திரை ரூபி?"

"அம்மாவுக்குத்தான் தெ..."

ரூபிணி பாதியில் நிறுத்திக்கொண்டாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி தரையைப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை அவள் சொன்னபோதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

லீலா விமலனைக் கூப்பிட்டுக் கேட்டாள். தொப்பி இருக்கும்போது கிரீம் எதற்கு, ஏதாவது ஒன்றை வாங்கு என்றான். வாந்தி மாத்திரையா, காரில்தானே போகிறோம், ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். இரைச்சலில் நின்று பேசிக்கொண்டிருந்தான், அவசரமாக வைத்துவிட்டான்.

லீலா கிரீமை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

*

வீட்டுக்கு வந்து, வாங்கியதை எல்லாம் ரூபிணியின் முதுகுப்பையில் அடுக்கினார்கள். ஈரத் துணிக்கென்று தனிப் பை, மாற்று உடை மேலே, மழைக்கோட்டு கைக்கு எட்டும் இடத்தில். அப்போது வாசலில் ஒரு பார்சல் வந்து இறங்கியது. விமலன் பெயருக்கு வந்திருந்தது. வந்தால் என் பெட்டியில் வைத்துவிடு என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

அவன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய பெட்டி நின்றது. மூன்று நாள் பயணத்துக்கு இவ்வளவு பெரியதா என்று நினைத்துக்கொண்டே லீலா பார்சலைப் பிரித்தாள். உள்ளே இரண்டு கம்பளிக் கோட்டுகள். ஒன்று விமலன் அளவுக்கு. இன்னொன்று சிறுமிக்கு, ரூபிணிக்கு ஒரு சுற்றுப் பெரியதாக, அடுத்த வருஷமும் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கையுறைகளும் தடித்த காலுறைகளும் இருந்தன.

"அங்கே ஐஸ் வீடு இருக்கும் போல அத்தை," என்றாள் ரூபிணி, கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்தபடி. "அதான் சர்ப்ரைஸ்."

இருக்கும் என்று லீலாவும் நினைத்தாள். இந்தக் காலத்துத் தீம் பார்க்கில் எது இல்லை?

மதியத்துக்கு மேல் ரூபிணியைக் கோயில் மண்டபத்தில் பரதநாட்டிய வகுப்பில் விட்டாள். காருக்குத் திரும்பி வந்தவள் எஞ்சினை முடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முகம் வீங்கினால், அங்கே அவளுக்கு யார் என்ன செய்வார்கள்?

முதல் மணியிலேயே அனு எடுத்துவிட்டாள்.

"அண்ணி, ரூபிக்கு என்ன ஆச்சு?"

அதைத் தவிர வேறு எதற்கும் இந்த அண்ணி தன்னைக் கூப்பிடமாட்டாள் என்று அவள் நினைத்திருப்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. லீலாவுக்குக் கூச்சமாக இருந்தது. ரூபி நன்றாக இருக்கிறாள் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, ஜொகூர் பயணத்தைச் சொன்னாள். கிரீமைப் பற்றிக் கேட்டாள்.

அனு அதற்குப் பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. குழந்தைகளுக்கென்று வரும் வெள்ளை டியூப், வாசனை எதுவும் கலக்காதது, துத்தநாகம் மட்டும் இருப்பது. கிள்ளானில் சுலபமாகக் கிடைக்காது. இங்கே தன் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாங்கி வைக்கிறேன் என்றாள். கொஞ்சம் தயங்கி, நான் கொண்டுவரட்டுமா என்றாள்.

"வேணாம் அனு. நான் வரேன்."

*

பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூக்கடைகளைத் தாண்டி, பின்தெருவில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் அனு காத்திருந்தாள். கடைச் சீருடையாக ஊதாப் புடவை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் கண்ணில் பழைய மந்தம் இல்லை. லீலா வந்து உட்கார்ந்ததும் அவளுக்குச் சீனி குறைத்து ஒரு டீ சொன்னாள். அது அவளுக்கு நினைவிருந்தது.

மேஜையில் ஒரு துணிப்பை இருந்தது. அனு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கிரீம். வாந்திக்கான மாத்திரை. கார் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் பாதி மாத்திரை போதும், முழுதாகக் கொடுத்தால் நாள் முழுக்கத் தூங்கிவிடுவாள். காலையில் பால் கொடுக்கக் கூடாது, வறட்டு ரொட்டிதான். காதுக்கு வைக்கும் பஞ்சு உருண்டைகள். தண்ணீர் போனால் ராத்திரி காது வலிக்கும். ஒரு பொட்டலத்தில் மூன்று உள்ளாடைகள்.

"இருட்டுக்குள்ள போற ரைடுல ஏத்தாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி. பெரிய சத்தம் கேட்டா அவளுக்கு உள்ளாடை நனைஞ்சிடும். வெளிய சொல்ல மாட்டா. ரெண்டு காலையும் சேர்த்து வெச்சிக்கிட்டு நிப்பா. அதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்."

லீலாவும் அதைப் பார்த்திருக்கிறாள். தீபாவளி வெடிச் சத்தத்தில் ரூபிணி அப்படி நின்றாள். நடனப் பயிற்சி செய்கிறாள் என்று லீலா நினைத்துக்கொண்டாள்.

டீ ஆறியது. தான் செய்தது தப்புதான் என்று அனு மெல்லச் சொன்னாள். அந்த மழை நாளை நினைக்காமல் ஒரு நாளும் விடிவதில்லை. ஆனால் நோய் இப்போது போய்விட்டது, டாக்டரும் சொல்லிவிட்டார். ஊரைக் கூட்டிச் சண்டை போட அவளுக்கு விருப்பமில்லை. ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையைத் தன்னிடம் விடச் சொன்னால் போதும். இதை ஒரு மாமா மூலமாக விமலனுக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை.

பிறகு, பையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள். மகளோடு போக முடியாதவளுக்கு அதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. லீலா சொல்லிக்கொண்டு வந்தாள். மஞ்சள் நீச்சலுடைக்கு அனு சிரித்தாள். வார் வைத்த செருப்புக்குத் தலையசைத்தாள். கம்பளிக் கோட்டு என்றதும் முகம் மாறியது.

"ஜொகூருக்கு எதுக்கு அண்ணி கம்பளிக் கோட்டு?"

"ஐஸ் வீடு ஏதோ இருக்காம். கையுறைகூட வாங்கியிருக்கான்."

"பெட்டி பெரிசா?"

லீலா ஆமாம் என்றாள். அனு கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். அவள் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"முகுந்தன் மெல்பர்ன்ல இருக்காரு. உங்க தம்பியோட கூட்டாளி. வா வான்னு நாலு வருஷமா கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் அம்மாவை விட்டு வரமாட்டேன்னு சொன்னேன். அங்க இப்போ குளிர்காலம் அண்ணி."

வெளியே மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையின் சத்தத்தில் பக்கத்து மேஜைப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. லீலாவுக்கு மூன்றாவது நாள் சர்ப்ரைஸ் நினைவு வந்தது. இரண்டு டிக்கெட் நினைவு வந்தது. ஜொகூரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கிருந்து விமானம்.

"நான் அவன்கிட்ட கேக்கறேன்," என்று எழுந்தாள்.

அனு அழவில்லை. துணிப்பையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, வாயைச் சுருக்கிக் கட்டி, லீலாவின் கையில் கொடுத்தாள்.

"எதுவா இருந்தாலும் இதை அவ கூட அனுப்பிடுங்க," என்றாள்.

*

நெடுஞ்சாலையில் மழையும் நெரிசலும். கோயில் மண்டபத்துக்கு லீலா வந்து சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். ரூபிணி தூண் ஓரமாக, பையைக் கட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றிருந்தாள். லீலாவைக் கண்டதும் ஓடிவந்தாள். அத்தை எங்கே போனாள் என்று கேட்கவில்லை. ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. கார் கதவைச் சாத்தியதும் லீலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும் வரை விடவில்லை.

விமலன் வீட்டில் இருந்தான். பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். லீலா குழந்தையைக் குளிக்க அனுப்பிவிட்டு அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெல்பர்னா விமலா?"

அவன் மடித்துக்கொண்டிருந்த கோட்டை மடித்து முடித்தான். மறுக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றான். முகுந்தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடும் பார்த்தாகிவிட்டது. புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து விமானம். தீம் பார்க் பொய்யில்லை. ரூபிக்கு எப்போதோ கொடுத்த வாக்கு, போவதற்கு முன் அதையாவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தான். அங்கே போன பிறகு அக்காவுக்குப் போன் செய்து சொல்லலாம் என்றிருந்தான்.

"போன பிறகு," என்றாள் லீலா.

"முன்னாடி சொன்னா நீ தடுத்திருப்பே."

"பெத்தவளுக்கு?"

அந்தக் கேள்விக்கு அவன் குரல் உடைந்தது. "நீ அந்த ஆஸ்பத்திரி வார்டைப் பார்க்கலைக்கா. மூச்சு விடறதுக்கு அவ நெஞ்சு எப்படி உள்ள போச்சுன்னு நான் பக்கத்துல உக்கார்ந்து பார்த்தேன். இப்போ சரியாயிடுச்சுங்கறா. நாளைக்குத் திரும்ப வராதுன்னு யார் சொல்ல முடியும்? கோர்ட்டு கேஸுன்னு போனா பிள்ளையை அவகிட்டே கொடுத்துடுவாங்க. அப்புறம் நான் ஒவ்வொரு மழைக்கும் செத்துச் செத்துப் பிழைக்கணுமா?"

அவன் பயம் பொய்யில்லை என்று லீலாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பயந்தால் ஓடுகிறவன் அவன். இருந்தாலும் பேசினாள். அனுவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். அவள் தேறிவிட்டாள், வாரத்தில் ஒரு நாள்தான் கேட்கிறாள், இன்றைக்கு நீயும் நானும் சேர்ந்தே ஒரு கிரீம் வாங்கத் தெரியாமல் நின்றோம் என்றாள். கடைசியாகச் சொன்னாள், "ரூபிகிட்ட சொல்லிட்டாவது கூட்டிட்டுப் போ. அம்மாவைப் பார்க்கணுமான்னு ஒரு தடவை அவளைக் கேளு."

விமலன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அவ போன் பண்ணப்பல்லாம் எடுக்காம விட்டது யாருக்கா? நானா? உன் போனுக்குத்தானே வந்துச்சு. நானா உன்னை எடுக்காதேன்னு சொன்னேன்? உனக்கும் ரூபி இங்கேயே இருக்கணும்."

லீலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. காலையில் தலை பின்னிவிடும்போது மடியில் சாய்கிற அந்தப் பாரம், பள்ளி வாசலில் அத்தை என்று ஓடிவருகிற அந்தக் கால்கள். அனு திரும்பி வந்தால் இதெல்லாம் போய்விடும் என்றுதான் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். குழந்தையின் நன்மைக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"ஒரு வருஷத்துல உன்னையும் கூப்பிட்டுக்கறேன்," என்றான் விமலன், கொஞ்சம் இறங்கிய குரலில்.

அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

லீலா எழுந்தாள். "நாளைக்குக் காலையில அனு இங்க வருவா. நான்தான் வரச் சொல்லப்போறேன். பிள்ளையைப் பார்த்துப் பேசட்டும். அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ. உன்கிட்ட மறைச்சுச் செய்ய மாட்டேன், அதான் இப்பவே சொல்றேன்."

விமலன் ஜன்னல் பக்கம் திரும்பி மழை விட்டிருந்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். தம்பி யோசிக்கிறான், இறங்கி வருவான் என்று லீலா நினைத்தாள். சோறு வைக்கச் சமையலறைக்குப் போனாள்.

அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெட்டியின் சக்கரச் சத்தம் கூடத்தில் கேட்டது.

*

"ரூபி, சட்டையை மாத்து. நாம இன்னைக்கே போறோம்," என்றான் விமலன்.

ரூபிணிக்கு நம்பவே முடியவில்லை. தலை ஈரம்கூடக் காயாமல் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். லீலா கை ஈரத்தோடு கூடத்துக்கு ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்தாள். இருட்டப்போகிறது, ஹோட்டல் திங்கட்கிழமைக்குத்தானே, குழந்தை சாப்பிடக்கூட இல்லை என்றாள். வழியில் ஏதாவது மாமாக் சாப்பாட்டுக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் கையை விடுவித்துக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லீலா அனுவின் துணிப்பையை எடுத்துவந்து குழந்தையின் பைக்குள் வைத்தாள். மாத்திரையில் பாதியை உடைத்து ரூபிணியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். விமலன் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை.

"இது எங்க கிடைச்சது அத்தை?" என்றாள் ரூபிணி. அந்தக் கசப்பு அவளுக்குப் பழக்கமானதுதான்.

உன் அம்மா கொடுத்தாள் என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். நீ போகிற இடம் தீம் பார்க்கோடு முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து அந்த முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இன்னும் பெரிதாகியிருந்தது. அதைத் தன் வாயால் கெடுக்க லீலாவுக்குத் துணிவில்லை. தலையை மட்டும் துவட்டிவிட்டாள்.

"நிஜமாவே நீங்க வரலையா அத்தை?"

"அத்தைக்கு வேலை இருக்கு," என்றான் விமலன் காரிலிருந்து.

ரூபிணி பின் இருக்கையிலிருந்து திரும்பி, தெருமுனை வரை கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். கார் வளைந்து மறைந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் செடிக்குப் பக்கத்தில் நின்றபடி, ஜொகூருக்கா, நல்ல டைம்லா, டிராபிக் இருக்காது என்றார். லீலா ஆமாம் அங்கிள் என்றாள்.

உள்ளே வந்தாள். கழுவிய அரிசி பானையில் அப்படியே இருந்தது. ரூபிணியின் ஈரத் துண்டு நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து விரித்துப் போட்டாள். போனை எடுத்தாள்.

இந்த முறையும் முதல் மணியிலேயே குரல் வந்தது. பின்னால் தண்டவாளச் சத்தம்.

"ட்ரெயின்ல இருக்கேன் அண்ணி. சுபாங் தாண்டிடுச்சு. கடையில நிக்க முடியல. உள்ள வரமாட்டேன். வாசல்ல நின்னு ஒரு தடவை அவளைப் பார்த்துட்டுத் திரும்பிடறேன்."

"அனு, அவங்க கிளம்பிட்டாங்க."

சக்கரங்கள் ஓடும் சத்தமும், யாரோ மலாயில் சிரித்துப் பேசும் சத்தமும் மட்டும் கேட்டன. லீலா சாவி மாட்டும் ஆணியிலிருந்து தன் கார் சாவியை எடுத்தாள். எங்கே தேடுவது, தேடிப் பிடித்தால் என்ன செய்வது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

"கேக்குதா அனு? ஷா ஆலம் ஸ்டேஷன்ல இறங்கிடு. வெளிய வந்து ரோட்டோரமா நில்லு. நான் வந்து ஏத்திக்கறேன். ஜொகூர் போறோம்."

"நீங்களா அண்ணி?"

"நான்தான்."

காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டுக் கேட்டைப் பூட்டினாள். குழந்தை திரும்பி வந்தாலும் அம்மாவோடுதான் போவாள், இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று லீலாவுக்குத் தெரியும். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.